பழைய மெஷின், புதுப் பாட்டு: சிந்த்பாப் ரேடியோ நிகழ்ச்சிகளில் நாம் கேட்பது எந்தக் காலத்து ஒலி?

சிந்த்பாப்புக்கென்றே நடக்கும் ரேடியோ நிகழ்ச்சியை முதல்முறை கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குகிறது. இரண்டிலும் அதே டுகுடுகு பேஸ், அதே புகைமூட்டம் மாதிரி பரவும் கீபோர்டு, அதே பிளாஸ்டிக் கைதட்டல். அறிவிப்பாளர் வந்து முதலாவது 1981இல் வந்தது, இரண்டாவது போன மாதம் வந்தது என்று சொல்லிவிட்டு, அதில் வியக்க ஒன்றுமே இல்லாத மாதிரி மூன்றாவதுக்குப் போய்விடுகிறார்.

அப்படியானால் இது பழைய இசையா புது இசையா? இன்றைய இளைஞர்கள் 40 வருடத்துக்கு முந்தைய ஒலியை ஏன் காப்பியடிக்கிறார்கள்? பெரும்பாலும் கிடைக்கும் பதில் "ஏக்கம்" என்பது, பழைய நினைவு என்பது. அது பாதிதான் சரி. இந்த இசையைச் செய்கிறவர்களில் பலர் எண்பதுகளில் பிறக்கவே இல்லை. அதைவிட முக்கியமாக, நாம் எண்பதுகளின் ஒலி என்று நினைத்துக்கொண்டிருப்பதில் ஒரு பங்கு எண்பதுகளில் கிடையவே கிடையாது. அது எப்படி என்று பார்க்க அடியிலிருந்து வர வேண்டும்.

முதலில் பெயர்கள்

1. சிந்த்பாப். இதில் பாட்டுதான் முதலாளி. வரிகள், திரும்பத் திரும்ப வரும் பல்லவி, ஒரு குரல், எல்லாம் வழக்கமான பாப் பாட்டு போலவே இருக்கும். கிட்டார், டிரம் செட் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மின்சுற்றால் ஒலியை உண்டாக்கும் சிந்தசைசரும் டிரம் மெஷினும் உட்கார்ந்திருக்கும். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரத்து கிராஃப்ட்வெர்க் குழு 1974இல் ஆட்டோபான் ஆல்பத்தில் வழி காட்டியது. அதைப் பிடித்துக்கொண்டவர்கள் பிரிட்டனின் தொழில் நகரத்துப் பையன்களும் புறநகர்ப் பையன்களும்: ஷெஃபீல்டில் ஹியூமன் லீக், பாசில்டனில் டெபெஷ் மோட், லிவர்பூல் பக்கம் ஓஎம்டி. 1978இல் கேரி நியூமன் பங்க் ராக் ஆல்பம் பதிவு செய்யத்தான் ஸ்டுடியோவுக்குப் போனார். அங்கே யாரோ விட்டுப்போயிருந்த மினிமூக் என்ற சிந்தசைசரைத் தட்டிப் பார்த்ததில் திசை மாறிவிட்டது, அடுத்த வருடமே அவர் குழுவின் பாட்டு பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது.

2. சிந்த்வேவ். இது 2000களின் நடுவில், பெரும்பாலும் பிரான்ஸில் தொடங்கிய வேறொரு சமாச்சாரம். நிறையப் பாட்டுகளில் குரலே இருக்காது. எண்பதுகளின் பாப் பாட்டைவிட அந்தக் காலத்து வீடியோ கேம், திகில் படப் பின்னணி இசை, கார் துரத்தல் காட்சி இவைதான் இதற்கு ஊற்று. ஆல்பம் அட்டையில் ஊதா வானமும் கோடுபோட்ட சூரியனும் இருந்தால் அது சிந்த்வேவ் என்று பத்துக்கு ஒன்பது தடவை கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

3. ரெட்ரோ எலக்ட்ரானிக். இது ஒரு பெயரே இல்லை, பை. இட்டாலோ டிஸ்கோ, எலக்ட்ரோ என்று பழைய மின்னணு நடன இசை எதையும் இதற்குள் போடலாம். அறிவிப்பாளருக்கு வசதியான சொல்.

நிகழ்ச்சிகள் இந்த மூன்றையும் கலந்துதான் போடுகின்றன. கேட்பவருக்கு வரும் குழப்பத்தின் முக்கால்வாசிக்கு இந்தக் கலவைதான் காரணம்.

இல்லாமையில் பிறந்த ஒலி

அனலாக் சிந்தசைசரின் வேலை எளிமையானது. ஆசிலேட்டர் என்ற மின்சுற்று ஒரு முரட்டு அலையை உண்டாக்கும். ஃபில்டர் அதன் கூர்மையான பகுதிகளைச் சீவி எடுக்கும். சத்தம் எவ்வளவு வேகமாக எழுந்து எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும் என்பதை என்வலப் என்கிற இன்னொரு சுற்று பார்த்துக்கொள்ளும். ஆசாரி மரத்தைச் செதுக்குவது போல, நிறைய இருப்பதிலிருந்து குறைத்துக் குறைத்து உருவம் கொண்டுவருவதுதான் முறை.

1970இல் வந்த மினிமூக்கில் ஒரே நேரத்தில் ஒரு சுரம்தான் வாசிக்க முடியும். 1978இல் புராஃபெட்-5 ஐந்து சுரம் தந்தது. 1981இல் ரோலண்ட் கம்பெனியின் ஜூபிட்டர்-8 எட்டு தந்தது, ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ஆசிலேட்டர் வேறு. இரண்டு அலைகளும் மயிரிழை அளவு சுருதி விலகி ஒன்றோடொன்று உரசுவதால்தான் ஒலி தடிமனாகக் கேட்கும். ஆனால் விலை எட்டாத உயரத்தில்.

அடுத்த வருடம் ரோலண்டே ஜூனோ-60 என்று கைக்கு எட்டுகிற விலையில் ஒன்று கொண்டுவந்தது. விலையைக் குறைக்க ஒரு சுரத்துக்கு ஒரு ஆசிலேட்டர் மட்டும். அதுவும் டிஜிட்டல் கட்டுப்பாட்டில் இருந்ததால் சுருதி விலகவே விலகாது. நல்ல விஷயம்தானே என்று தோன்றும், ஆனால் ஒலி மெலிந்து போய்விட்டது. அதைச் சரிக்கட்ட உள்ளேயே கோரஸ் என்ற சுற்றை வைத்தார்கள். அது ஒலியைப் பிரித்து, ஒரு பகுதியை நொடியில் மிகச் சின்னப் பங்கு தாமதப்படுத்தி, அந்தத் தாமதத்தையும் மெதுவாகக் கூட்டிக் குறைத்துத் திரும்பச் சேர்க்கும். தண்ணீருக்கு அடியில் வெளிச்சம் அசைவது மாதிரி ஒரு மினுமினுப்பு வரும், கூடவே உஸ்ஸென்று லேசான இரைச்சலும் வரும். இன்றைக்குப் புது சிந்த்பாப் பாட்டில் "ஆஹா, எண்பதுகள்" என்று சொல்ல வைக்கும் அந்த அகலமான கீபோர்டு பல நேரம் இதுதான். சிக்கனம் பிடிக்கப்போய் வந்த குறையை மறைக்கப் போட்ட ஒட்டு! இப்போது ஜூனோவை நகலெடுக்கும் மென்பொருள்களில் சில அந்த இரைச்சலையும் சேர்த்தே நகலெடுக்கின்றன.

டிரம் மெஷின்களும் இப்படித்தான். 1980இல் இரண்டு வந்தன. ரோஜர் லின் செய்த எல்எம்-1 நிஜ டிரம்மின் டிஜிட்டல் பதிவுகளை வைத்திருந்தது, விலை 5,000 டாலரைத் தொட்டது. மெமரி சிப் அவ்வளவு விலை என்பதால் நீளமாக அதிரும் பெரிய சிம்பல்களைச் சேர்க்கவே இல்லை. ஹியூமன் லீக்கின் 1981 ஆல்பம் டேர் இந்த மெஷினோடு செய்ததுதான், இதைத் தெரிந்துகொண்டு அதை மறுபடி கேட்டுப் பாருங்கள். ரோலண்டின் டிஆர்-808 பதிவுகளே இல்லாமல் டிரம் சத்தத்தை மின்சுற்றிலேயே உண்டாக்கியது. விலை 1,200 டாலர் அளவில். நிஜ டிரம் மாதிரி இல்லை என்று அப்போது ஒதுக்கினார்கள், 1983இல் தயாரிப்பும் நின்றது. பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்தபோதுதான் அது ஹிப்ஹாப்புக்கும் டான்ஸ் இசைக்கும் போய்ச் சேர்ந்தது.

1983 இன்னொன்றுக்கும் முக்கியம். அந்த ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் இரண்டு போட்டிக் கம்பெனிகளின் கீபோர்டுகளை ஒரு கேபிளால் இணைத்து, ஒன்றை வாசித்தால் மற்றது பேசும்படி காட்டினார்கள். கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் அந்தப் பொது மொழிதான் மிடி. இன்று லேப்டாப்பில் தனியாக உட்கார்ந்து ஒரு குழுவின் மொத்த வேலையையும் ஒருவர் செய்ய முடிகிறதென்றால் அந்தக் கேபிளிலிருந்துதான் கணக்கு தொடங்குகிறது.

இங்கே இரண்டு கிளைக்கதைகள். 1982இல் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சிந்தசைசருக்கும் டிரம் மெஷினுக்கும் தடை கேட்டுத் தீர்மானமே போட்டது. வயலின்காரர்கள் பிழைப்பு போய்விடும் என்ற பயம். சங்கம் அதைத் தேசிய அளவில் ஏற்கவில்லை. அதே 1982இல் பம்பாயில், இந்திப் படங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் ஒரு ஜூபிட்டர்-8, ஒரு 808, டிபி-303 என்ற சின்ன பேஸ் மெஷின் மூன்றையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். 303இல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் வசதி உண்டு, ராகத்துக்கு அது தோதாக அமைந்துவிட்டது. அன்றைக்கு ஆல்பம் விற்கவில்லை. 2010இல் மறுவெளியீடு வந்த பிறகுதான் உலகம் வாயைப் பிளந்தது.

பிரான்ஸ் வழியாகச் சுற்றி வந்த எண்பதுகள்

தொடக்கத்தில் சொன்னேனே, எண்பதுகளில் இல்லாத எண்பதுகள் என்று. அந்த இடம் இதுதான்.

2010இல் கவின்ஸ்கி என்ற பெயரில் இயங்கும் பிரெஞ்சுக் கலைஞர் நைட்கால் என்ற பாட்டை வெளியிட்டார். அடுத்த வருடம் டிரைவ் படத்தின் தொடக்கத்தில் அது ஒலித்தது, சிந்த்வேவ் என்ற விஷயம் உலகத்துக்குத் தெரியவந்தது. அந்தப் பாட்டைத் தயாரித்ததில் கை வைத்தவர் டாஃப்ட் பங்க் இரட்டையரில் ஒருவர். இது தற்செயல் இல்லை. சிந்த்வேவின் அம்மா வீடு ஷெஃபீல்டு கிடையாது, தொண்ணூறுகளின் கடைசியில் பாரிஸில் வளர்ந்த ஃபிரெஞ்ச் ஹவுஸ் என்ற நடன இசைதான்.

அந்த ஹவுஸ் இசையின் கையெழுத்து ஒன்று உண்டு. கிக் டிரம், அதாவது காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம், ஒவ்வொரு தடவை விழும்போதும் மற்ற எல்லாச் சத்தமும் பம்மி, உடனே மறுபடி எழும். மூச்சு வாங்குவது போலக் கேட்கும். தொழிலில் இதை சைடுசெயின் என்பார்கள்: ஒரு சத்தத்தின் வலுவை வைத்து இன்னொன்றின் வால்யூமைத் தானாகக் குறைக்கும் ஏற்பாடு. கருவி பழசுதான், ஆனால் அதை ஒளிக்காமல், காதில் விழும்படியே அலங்காரமாக்கியது இந்த பிரெஞ்சுக்காரர்கள் காலம். சிந்த்வேவில் அது அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஊதா நிற அட்டையும் ஜூனோ ஒலியும் சேர்ந்து அதையும் 1984 என்று நம்மை நம்ப வைத்துவிடுகின்றன. நிஜ 1984 பாட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் அது மூச்சே வாங்காமல் விறைப்பாக நிற்பது தெரியும்.

2016இல் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடர் வந்தபோது டெக்சஸின் ஆஸ்டினைச் சேர்ந்த இருவர் செய்த சிந்தசைசர் இசை இந்த ரசனையை வரவேற்பறைக்கே கொண்டுவந்தது. அதே தொடரின் புண்ணியத்தில் கேட் புஷ்ஷின் 1985 பாட்டு ஒன்று 2022இல், 37 வருடம் கழித்து, பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

சிந்த்பாப் பக்கம் நடந்தது வேறு. அது முழுதாகச் செத்துப் போகவே இல்லை. 2009இல் லா ரூ, 2013இல் கிளாஸ்கோவின் சர்ச்சஸ் முதல் ஆல்பம் என்று அவ்வப்போது தலை தூக்கியது. 2019 நவம்பரில் தி வீக்கெண்ட் வெளியிட்ட பிளைண்டிங் லைட்ஸ் அமெரிக்கத் தரவரிசையில் மொத்தம் 90 வாரம் உட்கார்ந்திருந்தது. அதற்கப்புறம் "சிந்த்பாப் திரும்ப வருமா" என்று கேட்பதை எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

இதற்கிடையில் மெஷின்களும் திரும்பி வந்தன. 2020இல் புராஃபெட்-5 மறுபடி தயாரிப்புக்கு வந்தது. மினிமூக்கும் வந்தது. ஆக ஒரு பாட்டில் கேட்பது பழைய மெஷினா, பழைய மெஷினின் புதுப் பதிப்பா, லேப்டாப்பில் அதன் நகலா என்பதைக் காதை வைத்துச் சொல்வது வல்லுநருக்கே கஷ்டம்.

சரி, காதால் எப்படிப் பிரிப்பது?

அறிவிப்பாளர் வருடம் சொல்லுமுன் ஊகிக்க நான்கு வழிகள். எதுவும் நூற்றுக்கு நூறு இல்லை, ஆனால் கைகொடுக்கும்.

1. பேஸ் எவ்வளவு ஆழம்? வினைல் தட்டில் மிகத் தாழ்ந்த ஒலியை அதிகம் போட்டால் பள்ளம் அகலமாகி இடம் தின்னும், ஊசியும் குதிக்கும். அதனால் பழைய பதிவுகளில் அடி பேஸ் அடக்கமாகவே இருக்கும். நெஞ்சுக்கூடு அதிர்ந்தால் பெரும்பாலும் புதுசு.

2. சத்தத்தின் ஏற்ற இறக்கம். பழைய பாட்டில் சரணம் மெதுவாக வந்து பல்லவி பெரிதாகும். புதுசில் முதல் நொடியிலிருந்தே எல்லாம் கூரையில் முட்டிக்கொண்டு நிற்கும்.

3. குரல். சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோ-டியூன் வந்தது 1997இல். அதற்கு முன் பாடியவர்கள் ஒரு சுரத்தை எட்டிப் பிடிக்கும்போது லேசாகக் கீழே தொட்டு மேலே ஏறுவார்கள். அந்தச் சின்ன வழுக்கலைத் தேடுங்கள். என் அனுபவத்தில் நான்கிலும் நம்பகமானது இதுதான்.

4. மூச்சு வாங்குகிறதா? மேலே சொன்ன சைடுசெயின்தான்.

எலக்ட்ரானிக் என்று பெயர் வைத்துவிட்டதாலேயே எல்லாம் மெஷின் வாசித்தது என்று எண்ண வேண்டாம். 1977இல் தயாரிப்பாளர் ஜார்ஜோ மொரோடர் மியூனிக்கில் பாடகி டோனா சம்மரை வைத்துச் செய்த ஐ ஃபீல் லவ் மெஷின் இசையின் பிறப்புச் சான்றிதழ் போலவே பேசப்படுகிறது. அதில் கிக் டிரம் மட்டும் ஒரு மனிதர் காலால் மிதித்தது. கீத் ஃபோர்சி என்ற டிரம்மர். அன்றைய மூக் (Moog) சிந்தசைசரில் அடிவயிற்றில் இடிக்கிற மாதிரி ஒரு கிக் வரவில்லை என்பதால் அவரை உட்கார வைத்து முழுப் பாட்டுக்கும் மிதிக்க வைத்தார்கள்.

இதற்கு ரேடியோ எதற்கு?

ஸ்ட்ரீமிங் செயலிகளின் பரிந்துரை பெரும்பாலும் நீங்கள் கேட்டதைப் போன்றதையே எடுத்து நீட்டும். சிந்த்வேவ் கேட்டால் இன்னும் சிந்த்வேவ். பத்தாவது பாட்டில் எது எது என்றே தெரியாமல் குழைந்துவிடும். நல்ல அறிவிப்பாளர் 1981ஐயும் 2013ஐயும் வேண்டுமென்றே அடுத்தடுத்து வைக்கிறார், இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பது அந்த வரிசையிலேயே கேட்கிறது. வருடத்தையும் ஊரையும் சொல்கிறார். மேலே சொன்ன நான்கு சோதனைகளை ஒரு மணி நேரத்துக்குள் பழகிக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பெரிய வணிக நிலையங்களில் இதற்கு இடம் கிடைப்பது அரிது. அங்கே தெரிந்த பாட்டுகள்தான் சுழலும். பிரிட்டனில் 2004ஆம் வருடச் சட்ட மாற்றத்துக்குப் பிறகு வந்த சமூக வானொலிகளும், உலகம் முழுக்க இணைய நிலையங்களும்தான் இந்த மாதிரித் தனி ரசனை நிகழ்ச்சிகளுக்குத் திண்ணை. நடத்துகிறவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காதவர்கள், பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். நேரம் பெரும்பாலும் இரவு அல்லது வார இறுதி.

வரிசையை யார் தீர்மானிக்கிறார்கள்? பாதி, சட்டம்

கேட்பவர்கள் அடிக்கடி முறையிடும் இரண்டு விஷயங்கள்: ஏன் ஒரே குழுவின் பாட்டுகளை மட்டும் ஒரு மணி நேரம் போடக்கூடாது? முடிந்த நிகழ்ச்சியை ஏன் டவுன்லோடு செய்ய விடுவதில்லை? அறிவிப்பாளரைத் திட்டுவதற்கு முன் அமெரிக்கச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அங்கே இணைய வானொலி ஒவ்வொரு ரெக்கார்டு கம்பெனியிடமும் போய் நிற்காமல் பொது உரிமம் ஒன்றின் கீழ் பாட்டுப் போடலாம். அதற்கு நிபந்தனைகள் உண்டு:

1. மூன்று மணி நேரத்துக்குள் ஒரு கலைஞரின் பாட்டு நான்குக்கு மேல் கூடாது, அதிலும் தொடர்ச்சியாக மூன்றுக்கு மேல் கூடாது.
2. அதே மூன்று மணி நேரத்தில் ஒரே ஆல்பத்திலிருந்து மூன்றுக்கு மேல் கூடாது, தொடர்ச்சியாக இரண்டுக்கு மேல் கூடாது.
3. எந்தப் பாட்டு எப்போது வரும் என்று பட்டியலை முன்கூட்டியே வெளியிடக் கூடாது.
4. ஐந்து மணி நேரத்துக்குக் குறைவான நிகழ்ச்சியைப் பதிவாக வைத்து, வேண்டும்போது கேட்க விடக் கூடாது.

நான்காவதுதான் இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்காரர்களின் கழுத்தைப் பிடிப்பது. அதனால்தான் பலர் பதிவை மிக்ஸ்கிளவுட்டில் ஏற்றுகிறார்கள். அந்தத் தளம் உரிமைக்காரர்களோடு தானே ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கிறது. பாட்காஸ்டாக முழுப் பாட்டோடு விட வேண்டுமென்றால் ஒவ்வொரு பாட்டுக்கும் தனியாக அனுமதி வாங்க வேண்டும். ஓசியில் நடக்கும் நிகழ்ச்சிக்கு அது கட்டுப்படியாகாது.

காசு யாருக்குப் போகிறது?

ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் எழுதியவருக்கு ஒன்று, அந்தக் குறிப்பிட்ட பதிவுக்கு இன்னொன்று. பிரிட்டனில் வானொலி இரண்டுக்கும் கட்டுகிறது: எழுதியவர் பங்கு பிஆர்எஸ் என்ற வசூல் அமைப்பு வழியாக, பாடியவர், வாசித்தவர், பதிவின் சொந்தக்காரர் பங்கு பிபிஎல் என்ற இன்னொரு அமைப்பு வழியாக. அமெரிக்காவில் இணைய வானொலியும் இரண்டுக்கும் கட்டுகிறது. ஆனால் அங்கே வழக்கமான ஏஎம், எஃப்எம் நிலையம் பாட்டை எழுதியவருக்கு மட்டும்தான் கொடுக்கிறது, பாடியவருக்கு ஒரு சென்ட் கிடையாது. கேட்டால், ரேடியோவில் போடுவதே விளம்பரம்தானே என்பார்கள்.

இந்த வகை இசையில் எழுதுவது, வாசிப்பது, பாடுவது, பதிவு செய்வது எல்லாமே பல நேரம் படுக்கையறையில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள். சின்ன நிலையத்தில் ஒரு தடவை ஒலித்ததற்கு அவருக்கு வருவது டீச் செலவுக்குக் காணாது. வருமானம் வருவதென்றால் கேட்டவர்கள் நேராகப் போய் பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளத்தில் ஆல்பத்தையோ கேசட்டையோ வாங்கும்போதுதான். நிகழ்ச்சிக்காரர்கள் பாட்டு முடிந்ததும் கலைஞரின் பெயரைச் சொல்லி, எழுத்துக்கூட்டி, ஆல்பம் பெயரையும் சொல்லிவிட்டு மறுபடி ஒரு தடவை பெயரைச் சொல்வது அதனால்தான். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கிறவர் வீட்டுக்குப் போகும்வரை அந்தப் பெயர் மனதில் நிற்க வேண்டுமே.